ஏழாவது தியேட்டர் கட்டுவதற்கு முன்

கேள்வி இது: "எங்கள் மருத்துவமனையில் 6 ஆபரேஷன் தியேட்டர்கள். எல்லாம் நிரம்பித்தான் இருக்கின்றன. ஆனாலும் தினமும் இரண்டு மூன்று கேஸ் மறுநாளுக்குத் தள்ளிப்போகிறது. ஏழாவது தியேட்டர் கட்டலாம் என்று நிர்வாகம் யோசிக்கிறது. அதற்கு முன் கணினியில் சிமுலேஷன் செய்து பாருங்கள் என்கிறார் ஒரு பேராசிரியர். அது என்ன செய்யும்? அதை நம்பி முடிவெடுக்கலாமா?"

நம்பலாம். ஆனால் உங்கள் தியேட்டர்களின் கணக்கை வைத்துச் செய்ததாக இருக்க வேண்டும். வேறு ஊரில் வந்த முடிவை எடுத்துவந்து ஒட்டினால் ஏமாந்துபோவீர்கள். மருத்துவமனைகளுக்குச் சிமுலேஷன் செய்துகொடுக்கும் தொழிலில் பல வருடங்களாக இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், ஒரு தியேட்டரில் அன்றைக்கு யார் யாருக்கு ஆபரேஷன் என்று போடும் லிஸ்ட் ஏன் தவறுகிறது என்று பார்ப்போம். ஒரு சர்ஜனிடம், "இந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேளுங்கள். "ஒண்ணே கால் மணி, மிஞ்சிப்போனால் ஒன்றரை" என்பார். பொய் சொல்லவில்லை. அவர் மனதில் நிற்பது வழக்கமாக நடக்கும் கேஸ். ஆனால் அறுவை சிகிச்சைக்கு ஆகும் நேரத்தின் இயல்பே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவது. 80 நிமிடத்தில் முடிவது 60க்குக் குறைவது அபூர்வம். ஆனால் குடல் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, ரத்தம் நிற்காமல் போனாலோ 180 நிமிடம் ஆகிவிடும். அப்படிப்பட்ட கேஸ்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 100 நிமிடம் வருகிறது. சர்ஜனின் நினைவுக்கும் சராசரிக்கும் நடுவே 20 நிமிடம் காணாமல் போகிறது. நாலு கேஸ் என்றால் 80 நிமிடம்.

சரி, சராசரியைப் போட்டே லிஸ்ட் தயாரித்தால் தீர்ந்துவிடுமா? தீராது. காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4.30 வரை ஒரு தியேட்டர் ஓடுகிறது, 510 நிமிடம் என்று வையுங்கள். 4 கேஸ், ஒவ்வொன்றும் சராசரி 100 நிமிடம், நடுவில் துடைத்துச் சுத்தம் செய்து அடுத்தவரை ஏற்ற 25 நிமிடம். கூட்டினால் 475. காகிதத்தில் 35 நிமிடம் மிச்சம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கேஸும் சராசரியிலிருந்து இப்படியும் அப்படியும் 40 நிமிடம் விலகக்கூடியது என்றால், 100 நாளில் சுமார் 30 நாள் அந்த லிஸ்ட் 4.30ஐத் தாண்டும். "3 மணிக்கு மேல் புதுக் கேஸ் ஏற்றக் கூடாது" என்று ஒரு விதியும் இருந்தால், ஏறக்குறைய நாலு நாளுக்கு ஒரு நாள் நாலாவது நோயாளி திருப்பி அனுப்பப்படுவார். யாரும் சோம்பேறித்தனம் செய்யவில்லை, யாரும் தாமதமாக வரவில்லை. கணக்கு அப்படி.

இந்தக் கணக்கை ஒரு தியேட்டருக்குக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். ஆனால் உதாரணத்துக்கு 6 தியேட்டர், 15 சர்ஜன், 7 மயக்க மருத்துவர், ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் ஒரே ஒன்று, ஆபரேஷன் முடிந்தவர்கள் மயக்கம் தெளியும்வரை இருக்கும் ரெக்கவரியில் 5 படுக்கை, ஐசியுவில் 10 படுக்கை, நடுவில் வந்து விழும் விபத்துக் கேஸ் என்று எல்லாம் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும்போது காகிதம் போதாது. அங்கேதான் சிமுலேஷன் வருகிறது. ஒத்திகை என்ற சொல் இதற்குச் சரியாகப் பொருந்தும். உங்கள் மருத்துவமனையை அப்படியே ஒரு மாதிரியாக, அதாவது மாடலாக, கணினிக்குள் கட்டி, பொய்யான நோயாளிகளை அனுப்பி, ஒரு வருடத்தைச் சில விநாடிகளில் ஓட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு நோயாளிக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை, உங்கள் பழைய பதிவுகளில் இருக்கும் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் கணினி தீர்மானிக்கும். ஒரு வருடம் ஓட்டினால் அது ஒரு தற்செயல். 200 தடவை ஓட்டினால் பாங்கு தெரியும்.

இது புதிதும் இல்லை. 1952இல் இங்கிலாந்தில் நார்மன் பெய்லி என்ற புள்ளியியலாளர், வெளிநோயாளிப் பிரிவில் மக்கள் ஏன் இவ்வளவு நேரம் காத்துக்கிடக்கிறார்கள் என்று பார்க்க, கணினி இல்லாமலே, தற்செயல் எண் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு கற்பனைக் கிளினிக்குகளை ஓட்டிப் பார்த்தார். தொடக்கத்தில் இரண்டு பேரை வரச்சொல்லிவிட்டு, மற்றவர்களைச் சராசரி நேர இடைவெளியில் ஒவ்வொருவராக அழைத்தால் டாக்டர் நேரமும் வீணாகாது, நோயாளியும் அதிகம் காத்திருக்க வேண்டாம் என்று அவர் கண்டது இன்றும் பாடத்தில் இருக்கிறது. 1965இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்ஸனும் மருத்துவமனைப் பிரிவுகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்துக் கட்டுரை எழுதினார்கள். மருத்துவமனைக்கு எவ்வளவு பணம் கொடுக்க வேண்டும் என்பதைக் கணக்கிடப் பயன்படும், நோயாளிகளை நோய்த் தொகுதி வாரியாகப் பிரிக்கும் முறையைப் பின்னாளில் உருவாக்கியவர்களும் இதே இருவர்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். தியேட்டர் போதவில்லை என்று எப்படித் தெரிந்தது? "எல்லாம் நிரம்பியிருக்கின்றன" என்கிறீர்கள். நிரம்பியிருப்பது வேறு, வேலை நடப்பது வேறு.

நான் வேலை செய்த ஒரு மருத்துவமனையில், மாடலுக்காகத் தியேட்டர் ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கினேன். ஒரு வருடத்துப் பதிவு. முதல் கேஸ் தொடங்கிய நேரம் என்ற கட்டத்தில், பக்கத்துக்குப் பக்கம், 8.00, 8.00, 8.00. முடிந்த நேரம் எல்லாம் 5இலோ 0இலோ முடியும் எண்கள். இதை வைத்து மாடல் போட்டால் தியேட்டர் கடிகாரம்போல் ஓடுகிறது என்று வரும். அதனால் நாலு வாரம் தியேட்டர் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். டிராலி கதவைத் தாண்டும் நிமிடம், மயக்கம் கொடுக்கத் தொடங்கும் நிமிடம், கத்தி வைக்கும் நிமிடம், தையல் முடியும் நிமிடம், டிராலி வெளியே வரும் நிமிடம். முதல் கேஸ் உண்மையில் 8.40க்கு முன் தொடங்கிய நாட்கள் மிகக் குறைவு. ஒரு நாள் கன்சென்ட் படிவத்தில் கையெழுத்து இல்லை. ஒரு நாள் வார்டில் டிராலி தள்ள ஆள் இல்லை. ஒரு நாள் ரத்தம் பொருத்திப் பார்த்த ரிப்போர்ட் வரவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் மத்தியானம் தெரிந்தது. தையல் முடிந்துவிட்டது, நோயாளி கண் விழித்துவிட்டார், ஆனால் மேசையிலேயே படுத்திருக்கிறார். ரெக்கவரியில் இடம் இல்லை. ரெக்கவரியில் ஏன் இடம் இல்லை? அங்கே இருப்பவர்களை அனுப்ப வார்டில் படுக்கை இல்லை. வார்டில் ஏன் இல்லை? காலை ரவுண்ட்ஸில் "இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லப்பட்டவர் மாலை 5 மணிக்கும் படுக்கையில்தான் இருக்கிறார். பில் முடியவில்லை, இன்ஷூரன்ஸ்காரர்களின் ஒப்புதல் வரவில்லை. இன்ஷூரன்ஸ் காகிதம் ஒன்று, மூன்று மாடி தள்ளி இருக்கும் தியேட்டரைப் பூட்டிவைத்திருக்கிறது. ரெஜிஸ்டரில் அந்த நேரம் முழுவதும் தியேட்டர் "பயன்பாட்டில்" என்று பதிவாகியிருக்கும். அங்கேயும் இன்னொரு தியேட்டர் கட்டும் பேச்சு இருந்தது. மாடலில் ஒரு தியேட்டரைக் கூட்டிப் பார்த்தோம். தள்ளிப்போகும் கேஸ் அவ்வளவாகக் குறையவில்லை. அதை எடுத்துவிட்டு, டிஸ்சார்ஜ் ஆகிறவர்களில் பாதிப் பேர் காலை 11 மணிக்குள் போய்விடுவதாக மாற்றி ஓட்டினோம். அதுதான் வேலை செய்தது.

உங்கள் இடத்திலும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சி-ஆர்ம் ஒன்றே ஒன்று இருப்பது காரணமாக இருக்கலாம். மயக்க மருத்துவர் பற்றாக்குறையாக இருக்கலாம். கருவிகளைச் சுத்திகரித்து அனுப்பும் பிரிவிலிருந்து செட் வர நேரமாகலாம். உண்மையிலேயே தியேட்டர் போதாமல்கூட இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதுதான் சிமுலேஷனின் முதல் பயன்.

வேறு ஊர் முடிவை ஒட்டாதீர்கள் என்று சொன்னதற்கு ஓர் உதாரணம். அவசரக் கேஸ்களுக்கென்று ஒரு தியேட்டரைத் தனியே ஒதுக்கிவைக்கலாமா வேண்டாமா என்பது இந்தத் துறையில் ரொம்ப நாள் விவாதம். பாஸ்டன் மெடிக்கல் சென்டரில், மருத்துவமனையில் நோயாளிகளின் ஓட்டத்தை ஆராயும் நிபுணர் யூஜின் லிட்வக்கின் ஆலோசனையில், ஒரு தியேட்டரை அவசரத்துக்கென்றே ஒதுக்கினார்கள். அவசரக் கேஸ் வந்ததால் தள்ளிப்போகும் திட்டமிட்ட ஆபரேஷன்கள் மிகப் பெரிய அளவில் குறைந்தன. கேட்டால், ஆஹா, நாமும் ஒதுக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் நெதர்லாந்தில் ராட்டர்டாமின் எராஸ்மஸ் மருத்துவ மையத்தில் இதையே சிமுலேஷனில் சோதித்து 2007இல் வெளியிட்ட முடிவு நேர் எதிர். அவசரத் தியேட்டரை மூடிவிட்டு, அந்த நேரத்தை எல்லாத் தியேட்டர்களின் லிஸ்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைத்தால், அவசர நோயாளி காத்திருக்கும் நேரம் 74 நிமிடத்திலிருந்து 8 நிமிடமாகக் குறைகிறது, ஓவர்டைம் 20 சதவீதம் குறைகிறது என்று மாடல் காட்டியது.

இரண்டில் எது சரி? இரண்டும் சரிதான். ராட்டர்டாம் முடிவுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் பாருங்கள். அவசரத் தியேட்டர் ஒன்றே இருந்து அதில் ஏற்கெனவே ஒருவர் இருந்தால், இரண்டாவது அவசர நோயாளி அவர் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் 12 தியேட்டர் ஓடுகிற இடத்தில் ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கேஸ் முடிகிறது என்றால், எங்கேயோ ஒரு மேசை சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை காலியாகும். 3 தியேட்டர் மட்டும் இருக்கும் மருத்துவமனையில் அது 40 நிமிடம். உங்கள் 6 தியேட்டரில் 20 நிமிடம் என்று வரும், ஆனால் அந்த 20ஐ அப்படியே நம்பக் கூடாது. காலையில் ஆறும் ஒரே நேரத்தில் தொடங்குவதால், முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு எந்த மேசையும் காலியாகாமல் போகலாம். அப்போது வயிற்றில் ரத்தக்கசிவோடு ஒருவர் வந்தால் என்ன செய்வது? நெதர்லாந்துக்காரர்கள் பிறகு இதையும் யோசித்து, மேசைகள் ஒரே சமயத்தில் முடியாமல் நாள் முழுக்கப் பரவி முடியும்படி லிஸ்டின் வரிசையை மாற்றும் முறைகளை உருவாக்கினார்கள். ஒரு தியேட்டரில் சின்னக் கேஸ் முதலில், இன்னொன்றில் பெரிய கேஸ் முதலில், இப்படி.

அப்புறம், மாடல் கணக்கில் எடுக்காத விஷயங்கள் இருக்கும். அழுகிய காலோடு வருபவரை, மூட்டு மாற்று நடக்கும் சுத்தமான தியேட்டரில் ஏற்ற முடியாது. நிமிடங்களை மட்டும் எண்ணும் மாடலுக்கு இது தெரியாது. நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

லிட்வக் சொல்லும் இன்னொரு கருத்து எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மருத்துவமனையில் ஏற்ற இறக்கம் இரண்டு வகை. ஒன்று தானாக வருவது: விபத்து, குடல்வால் வெடிப்பு, பிரசவம். மற்றது நாமே உண்டாக்குவது: எந்த சர்ஜனுக்கு எந்தக் கிழமை என்று நாம் போடும் அட்டவணை. அவசர நோயாளிகளின் வருகையைவிட, நாமே தேதி கொடுத்து வரவழைக்கும் நோயாளிகளின் எண்ணிக்கைதான் பெரும்பாலும் அதிகமாகக் குதிக்கிறது. இதய அறுவை சிகிச்சை எல்லாம் திங்கள், செவ்வாய் என்று குவிந்தால் புதன்கிழமை ஐசியு நிரம்பி வழியும், வெள்ளிக்கிழமை பாதி காலியாகக் கிடக்கும். அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில், ஐசியு தேவைப்படும் ஆபரேஷன்களை வாரம் முழுக்கச் சீராகப் பரப்பியும், அவசரக் கேஸ்களைத் தனியே பிரித்தும், 10 கோடி டாலர் செலவிட்டுக் கட்ட வேண்டியிருந்த விரிவாக்கத்தைத் தவிர்த்தார்கள். நம் ஊரில் இதற்கு மேலும் ஒன்று உண்டு: அஷ்டமி, நவமி, அமாவாசையில் ஆபரேஷன் வேண்டாம் என்பார்கள். அதைக் குறை சொல்லி என்ன பயன்? பஞ்சாங்கம் முன்கூட்டியே தெரிந்த விஷயம், அதையும் மாடலுக்குள் போட்டுவிடலாம். மே மாத விடுமுறையில் டான்சில் ஆபரேஷனுக்குக் குழந்தைகள் குவிவதும் அப்படித்தான்.

ஏற்ற இறக்கம் குறைந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மதுரையையே பார்க்கலாம். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை. ஒன்றில் கண்புரை ஆபரேஷன் நடக்கும்போதே மற்றதில் அடுத்தவர் தயாராகிவிடுவார். சர்ஜன் முடித்ததும் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். கண்புரை சிறிய ஆபரேஷன், ஒன்றுக்கொன்று நேரம் அதிகம் மாறாது. அதனால்தான் அந்த ஓட்டம் சாத்தியம். பொது அறுவைத் தியேட்டரில் அதை அப்படியே செய்யப் பார்த்தால் 10 மணிக்கே குழம்பிவிடும்.

"தியேட்டர் பயன்பாடு 95 சதவீதம் இருக்க வேண்டும்" என்று இலக்கு வைக்கும் நிர்வாகிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நோயாளிகள் முன்பின்னாக வந்து சேரும் எளிய ஒற்றை வரிசைக் கணக்கிலேயே, பயன்பாடு 80 சதவீதமாக இருந்தால் காத்திருப்பு ஒரு கேஸ் நேரத்தைப்போல் 4 மடங்கு. 90 ஆனால் 9 மடங்கு. 95 ஆனால் 19 மடங்கு. கடைசி 5 சதவீதத்தைப் பிழிந்தெடுக்க, காத்திருப்பை இரண்டு மடங்குக்கும் மேலாக்குகிறோம். அவசரக் கேஸ் வரும் தியேட்டரில் கொஞ்சம் நேரம் காலியாக இருப்பது வீண் கிடையாது.

லிஸ்ட் வரிசையைப் பற்றியும் கொஞ்சம். பெரிய கேஸை, பெரும்பாலும் மூத்த சர்ஜனுடையதை, காலையில் முதலில் போடுவது பல இடங்களில் வழக்கம். ஒரு பெரிய கேஸும் மூன்று ஹெர்னியாவும் இருந்தால், பெரியது இழுத்துக்கொண்டே போகும் நாளில் மூன்று பேரும் காத்துக்கிடக்கிறார்கள். நேரம் அதிகம் மாறாத சின்னக் கேஸ்களை முதலில் முடித்தால், நாள் முடியும் நேரம் மாறாது, கூட்டுத்தொகை ஒன்றுதானே. ஆனால் காத்திருப்பவர்களின் நேரம் வெகுவாகக் குறையும். சர்க்கரை நோயாளியும் குழந்தையும் முதலில், சீழ் பிடித்த கேஸ் கடைசியில் என்ற மருத்துவ விதிகளை மீறாமல் இதைச் செய்ய வேண்டும். மாடலில் இரண்டு வரிசைகளையும் அதே நோயாளிகள், அதே நாட்கள் என்று வைத்து ஓட்டினால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். செய்துகொடுப்பவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: "போன மாதம் நடந்ததை உங்கள் மாடல் அப்படியே காட்டுகிறதா?" எத்தனை கேஸ் தள்ளிப்போனது, எத்தனை நாள் ஓவர்டைம், ஐசியு எப்போது நிரம்பியது என்று, நடந்ததையே திருப்பிக் காட்டாத மாடல் நடக்கப்போவதைச் சொல்லத் தகுதியில்லாதது. திரையில் குட்டி மனிதர்கள் டிராலி தள்ளுவது அழகாக இருக்கும். அதில் மயங்க வேண்டாம். மென்பொருளுக்குப் பெரிய செலவும் தேவையில்லை. அரீனா, சிமுல்8, எனிலாஜிக் எல்லாம் விலை கொடுத்து வாங்குபவை. பைத்தான் தெரிந்த ஒருவர் இருந்தால் சிம்பை என்ற இலவச நூலகம் போதும். செலவெல்லாம் நல்ல தரவு சேர்க்கும் உழைப்பில்தான்.

மாடல் செய்யாததையும் சொல்லிவிடுகிறேன். யார் காத்திருக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. புற்றுநோய்க் கேஸா, மூட்டு வலியா, யாரை முன்னால் எடுப்பது என்பது டாக்டர்களும் நீங்களும் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. மாலையில் சொந்தக் கிளினிக் இருக்கும் சர்ஜன் புது அட்டவணைக்குச் சம்மதிப்பாரா என்பதும் அதற்குத் தெரியாது. எத்தனையோ நல்ல மாடல்கள் அறிக்கையோடு நின்றுபோனதற்குக் காரணம், தியேட்டர் சிஸ்டரையும் மயக்க மருத்துவரையும் கடைசி நாள் கூட்டத்துக்கு மட்டும் கூப்பிட்டதுதான். அவர்களை முதல் நாளே உட்காரவையுங்கள். எங்கே மாட்டுகிறது என்று தியேட்டர் சிஸ்டருக்கு ஏற்கெனவே தெரியும். அவர் சொல்வதற்கு எண்கள் கொடுக்கும் வேலையைத்தான் நாங்கள் பாதி நேரம் செய்கிறோம்.

ஏழாவது தியேட்டரைப் பற்றிய முடிவுக்கு நாலு வாரத் தரவும் இரண்டு மூன்று மாத உழைப்பும் தேவைப்படும். அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்த அந்த நாட்களில், லிஸ்டில் நாலாவதாக இருந்த ஒரு பாட்டியை மாலை மூன்றரைக்கு "நாளைக்குப் பார்த்துக்கலாம்மா" என்று வார்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். முந்தைய இரவு 10 மணிக்குப் பிறகு தண்ணீர்கூட இல்லை. மகள் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து இட்லியைப் பிட்டுக் கொடுத்தபோது அவர் கை நடுங்கியது. மேலே சொன்ன அதே 4 கேஸ் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவது கேஸ் தொடங்கும் சராசரி நேரம் பிற்பகல் 2.15. எல்லாமே சீக்கிரம் முடிந்தாலும் 12.30க்கு முன் தொடங்குவது 100 நாளில் 5 நாளுக்கும் குறைவு. 12 மணிக்கு முன் தொடங்குவது 100இல் ஒரு நாள்கூட இல்லை. மயக்கத்துக்கு முன் லேசான உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் என்பதுதான் பொதுவான வழிகாட்டு விதி. அப்படியென்றால் அந்தப் பாட்டி காலை 6 மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டிருக்கலாம், 10 மணி வரை தண்ணீர் குடித்திருக்கலாம். எல்லோருக்கும் பொருந்தாது, சர்க்கரை, வயிற்றுப் பிரச்சினை உள்ளவர்களை மயக்க மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உங்கள் மயக்க மருத்துவரிடம் இந்த எண்களைக் காட்டிப் பேசுங்கள். லிஸ்டில் மூன்றாவது, நாலாவது பெயர்களுக்கு எதிரே "தண்ணீர் இத்தனை மணி வரை" என்று ஒரு கட்டம் சேர்க்க எந்த மென்பொருளும் தேவையில்லை.